சைவ மாமனார் மாமியாருக்கு உய்ரோ வாங்கலாமா? வீட்டிலேயே செய்ய முடியுமா?

தொயோத்தா_மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். நகோயா பக்கம் தொயோத்தா நகரத்தில் இருக்கிறோம். ஜூன் கடைசி வாரம் கும்பகோணத்திலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். இரண்டு பேரும் சுத்த சைவம். முட்டை சேர்த்த கேக் வீட்டுக்குள் இருந்தாலே மாமியார் முகம் மாறிவிடும். பால், தயிர், நெய் எல்லாம் சாப்பிடுவார்கள்.

இங்கே வந்து ஜப்பான் இனிப்பு ஒன்றுகூட ருசி பார்க்காமல் திரும்பிப் போகக் கூடாது என்று வீட்டுக்காரருக்கு ஆசை. அலுவலகத்தில் கேட்டதற்கு, நகோயா என்றால் உய்ரோதான், அரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்து ஆவியில் வேகவைத்தது, வேறொன்றும் இல்லை என்று சொன்னார்களாம். அதை நம்பலாமா? ஜெலட்டின் ஏதாவது உள்ளே இருக்குமா? பார்க்கப் பளபளவென்று இருப்பதால் சந்தேகமாக இருக்கிறது.

அப்புறம், ஸ்டேஷன் கடையில் விசாரித்தபோது அந்த அம்மா திரும்பத் திரும்ப "பிரிட்ஜில் வைக்காதீர்கள்" என்றார். இனிப்பைப் பிரிட்ஜில் வைக்காதே என்றால் எதற்கு? ஜூன் மாதப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் கெட்டுப் போகாதா?

கடைசியாக, முடிந்தால் நானே செய்து மாமியாரிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்றும் ஒரு நப்பாசை. என்னிடம் இட்லிப் பானை இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த இடியாப்ப மாவு ஒரு கிலோ பிரிக்காமல் இருக்கிறது. அதை வைத்தே செய்துவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஷிங்கான்சென்_தம்பி:

அக்கா, உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உய்ரோ என்பது இனிப்பான அழிரப்பர். எங்கள் அலுவலகத்தில் நகோயா போய்வரும் ஆட்கள் எல்லோரும் அதைத்தான் வாங்கி வருகிறார்கள். சாப்பாட்டு அறை மேசையில் அது மட்டும் வெள்ளிக்கிழமை வரை அப்படியே கிடக்கும். பேசாமல் யோகான் என்ற பயறு விழுது இனிப்பை வாங்கிக் கொடுங்கள். அதுவும் சைவம்தான், கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர் போட்டுச் செய்கிறார்கள்.

ஓசு_அக்கா:

தம்பி, உங்கள் அலுவலக மேசையில் ஏசி காற்றில் வெள்ளிக்கிழமை வரை கிடந்ததைச் சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதினால் எப்படி? எந்த அரிசிப் பண்டமும் அந்தக் கதிக்கு ஆளானால் அப்படித்தான் இருக்கும்.

மருமகளே, விவரமாகவே எழுதுகிறேன். நான் பல வருடமாக நகோயாவில் ஓசு பக்கம் இருக்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இனிப்புக் கடையில் பகுதி நேர வேலைக்குப் போகிறேன். முதலில் பொட்டலம் கட்டும் வேலைதான். இப்போது காலையில் மாவு கரைப்பதற்கும் கூப்பிடுகிறார்கள். அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் வாய் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைவமா என்ற கேள்விக்கு முதலில் பதில். நகோயா உய்ரோவின் அடிப்படை அரிசி மாவு, சர்க்கரை, தண்ணீர். சில கடைகளில் பிடிப்புக்காக வேறு ஸ்டார்ச் கொஞ்சம் சேர்ப்பார்கள். அந்தப் பளபளப்பு ஜெலட்டினால் வருவதில்லை. அரிசியில் உள்ள ஸ்டார்ச் தண்ணீரைக் குடித்து ஆவியில் முழுக்க வெந்ததால் வருவது. வெள்ளை, கருப்புச் சர்க்கரை போட்டது, மாச்சா என்ற பச்சைத் தேயிலைத் தூள் போட்டது, சிவப்புப் பயறு விழுது கலந்தது, வசந்த காலத்தில் சாக்குரா என்ற செர்ரிப் பூ வகை என்று சுவைகள் உண்டு. இந்தப் பழைய வகைகளில் முட்டை, பால், ஜெலட்டின் எதற்கும் வேலை இல்லை. ஆனால் இப்போது புதுசு புதுசாகச் சாக்லேட், சீஸ் என்றெல்லாம் கலந்து போடுகிறார்கள். அதனால் பெட்டியின் பின்பக்கப் பொருள் பட்டியலைப் போன் கேமராவில் காட்டி ஒருமுறை மொழிபெயர்த்துப் பாருங்கள். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். நல்ல வெள்ளை உய்ரோவின் பட்டியல் ஒரு வரியைத் தாண்டாது.

இன்னொன்று. ஊருக்கு ஊர் உய்ரோ ஒன்றல்ல. யாமாகுச்சியில் வாராபி என்ற பெரணிச் செடியின் கிழங்கு மாவைப் போட்டுச் செய்வார்கள். அது நகோயாவுடையதைவிட மிருதுவாக, வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகும். இசே பக்கம் கோதுமை மாவில் செய்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது கோதுமை ஒத்துக்கொள்ளாது என்றால் இதைக் கவனிக்க வேண்டும். தொக்குஷிமாவில் பயறு விழுதும் வாசன்போன் என்ற அந்த ஊர்ச் சர்க்கரையும் சேர்த்துச் செய்வார்கள். ஒதாவாராவில் உய்ரோ என்றே குடும்பப் பெயர் கொண்ட ஒரு குடும்பம் இன்றும் கடை நடத்துகிறது. 1368-ல் சீனாவில் யுவான் அரசு விழுந்தபோது அங்கிருந்து ஜப்பானின் ஹகாத்தாவுக்கு வந்த ஓர் அதிகாரியின் வம்சம். அவர்கள் செய்தது முதலில் மருந்து. வந்த விருந்தாளிகளுக்குக் கொடுக்கச் செய்த பண்டம்தான் இந்த இனிப்பு என்பது அவர்கள் வீட்டு வரலாறு. அந்த மருந்தை இன்றும் அதே கடையில் விற்கிறார்கள். மருந்து விற்பவன் மூச்சு விடாமல் பேசும் ஒரு கபுக்கி நாடகம் 1718-ல் அரங்கேறியது. அந்த வசனத்தை இப்போது டிவி அறிவிப்பாளர்கள் நாக்குப் பயிற்சிக்குச் சொல்கிறார்கள். என் மகள் பள்ளி நாடகக் குழுவில் சேர்ந்த புதிதில் வீடு முழுக்க அதுதான் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கே பாதி மனப்பாடம்.

அப்படியானால் நகோயாவுக்கு மட்டும் ஏன் இந்தப் பெயர்? இங்கேயும் பழைய கடைகள் உண்டு. ஒன்று 1659-லிருந்து நடக்கிறது. ஓசுவில் இருக்கும் அவோயாகி 1879-ல் தொடங்கியது. ஆனால் நாடு முழுக்க நகோயா உய்ரோ என்று பேர் பரவியதற்கு என் கணக்கில் ரயில்தான் காரணம். 1964-ல் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயில் ஓட ஆரம்பித்தது. நகோயா நடுவழியில் இருக்கிறது. வண்டிக்குள்ளேயே அவோயாகி உய்ரோ விற்பனைக்கு வந்தது. நாள் கணக்கில் கெடாமல் இருக்கும்படி, மாவை உறையில் அடைத்து மூடிப் பக்குவம் செய்யும் முறையும் கைகூடியது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் கையில் ஒரு பெட்டியோடு இறங்கினார்கள். அந்த வழித்தடத்தில் தள்ளுவண்டி விற்பனையை 2023 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். ஸ்டேஷன் கடைகளில் மட்டும் உய்ரோ அடுக்கு அப்படியே இருக்கிறது.

ஆக, தம்பி சாப்பிட்டது பெரும்பாலும் அந்த உறைப் பெட்டி வகை. அதில் தப்பில்லை, ஊருக்கு எடுத்துப்போக அதுதான் சரி. மருமகளே, மாமனார் மாமியார் திரும்பும்போது கொடுத்தனுப்ப ஒரு வாய் அளவில் தனித்தனியாக உறையிட்டதை வாங்குங்கள். தேதி அச்சடித்திருக்கும், அதைப் பார்த்தால் போதும். ஆனால் இங்கே இருக்கும்போது அவர்களுக்கு முதல் வாய் கொடுப்பது அதுவாக இருக்கக் கூடாது. கடையில் அன்றைக்குச் செய்த நாமா உய்ரோ வாங்குங்கள். அதற்கு ஆயுள் இரண்டு மூன்று நாள்தான். வாங்கிய அன்றே சாப்பிட்டால்தான் அரிசி மணம் தெரியும்.

என்ன நிறம் வாங்குவது என்று கேட்டால் நான் வெள்ளையைத்தான் சொல்வேன். எங்கள் கடைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் மாச்சாவையும் சாக்குராவையும் அள்ளிக்கொண்டு போவார்கள், படம் எடுக்க நன்றாக இருக்கும். தெருவில் இருக்கும் பாட்டிகள் வெள்ளை மட்டும் வாங்குவார்கள். வெள்ளையில் ஒளிந்துகொள்ள இடமில்லை. அரிசி பழசா, மாவு நைசா, ஆவி சரியாக ஏறியதா எல்லாம் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். கும்பகோணத்து மாமியாருக்கு அரிசியைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, பிரிட்ஜ். அந்தக் கடை அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. வெந்த ஸ்டார்ச் ஆறும்போது மறுபடி பழைய மாதிரி இறுக ஆரம்பிக்கும். அந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது சரியாக நம் பிரிட்ஜுக்குள் இருக்கும் குளிரில். நிறையச் சர்க்கரை இருப்பதால் உய்ரோ கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் ஒரு ராத்திரி போதும், ஓரமெல்லாம் வெளுத்துச் சுண்ணாம்பாக உதிரும். அதனால் அறை வெப்பத்தில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஜூன் புழுக்கத்துக்குப் பயந்தால் குறைவாக வாங்குங்கள். மீந்தால் துண்டு போட்டு, ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி ஃப்ரீசரில் போடலாம். நன்றாக உறைந்துவிட்டால் அந்த இறுக்கம் நடக்காது. சாப்பிடும் முன் வெளியே வைத்து உருகவிட்டால் போதும். இறுகிப்போனதை மைக்ரோவேவில் 500 வாட்டில் ஒரு துண்டுக்குப் பத்துப் பதினைந்து வினாடி வைத்தால் திரும்ப மிருதுவாகும். அதற்கு மேல் வைத்தால் தட்டில் ஒட்டிக் கூழாகிவிடும். இங்கே சிலர் தோசைக்கல்லில் வெண்ணெய் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க வாட்டியும் சாப்பிடுகிறார்கள். அது தனி ருசி. தம்பி, உங்கள் மேசையில் கிடப்பதை அப்படிச் செய்து பாருங்கள்.

இனி இடியாப்ப மாவு. வேண்டாம். காரணம் இரண்டு. ஒன்று, அது வறுத்த மாவு. வறுத்தால் தண்ணீர் குடிக்கும் விதமே மாறிவிடும், மணமும் வேறு. உய்ரோவில் சர்க்கரையைத் தவிர மறைக்க ஒன்றுமில்லாததால் வறுத்த வாசனை முன்னால் வந்து நிற்கும். இரண்டு, அரிசியே வேறு. ஜப்பான் சாப்பாட்டு அரிசியில் அமைலோஸ் என்ற பகுதி சுமார் 17 முதல் 20 சதவீதம். நம் ஊர் அரிசி வகைகள் பலவற்றில் அது இதைவிட அதிகம். அதனால்தான் நம் சோறு உதிரியாக வருகிறது, ஆறினால் சீக்கிரம் விறைக்கிறது. உய்ரோவுக்கு அந்தக் குணம் ஆகாது.

சூப்பர்மார்க்கெட்டில் ஜோஷின்கோ என்று கேளுங்கள். சாதாரண ஜப்பான் அரிசியைக் கழுவி, உலர்த்தி, அரைத்த பச்சை மாவு. பக்கத்திலேயே ஷிராத்தாமாகோ, மொச்சிகோ இரண்டும் இருக்கும். அவை ஒட்டும் அரிசி மாவு, மாற்றி எடுத்துவிடாதீர்கள். அதைப் போட்டால் உய்ரோ நிற்காது, மொச்சி என்ற ஒட்டரிசிப் பண்டம் மாதிரி இழுக்கும்.

வீட்டு அளவு சொல்கிறேன். ஜோஷின்கோ 100 கிராம், காத்தாகுரிகோ என்ற உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 20 கிராம், சர்க்கரை 100 கிராம், தண்ணீர் 250 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை அதிகமாகத் தெரியும். குறைத்தால் சீக்கிரம் இறுகும், அதனால் 80-க்குக் கீழே போகாதீர்கள். சர்க்கரையைக் கொஞ்சம் சூடான தண்ணீரில் கரைத்து ஆறவிட்டு, மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து வடிகட்டுங்கள். அரை மணி நேரம் ஊறட்டும்.

இப்போதுதான் முக்கியமான கட்டம். அரிசி மாவு நிற்காது, அடியில் போய்ப் படியும். அப்படியே ஊற்றி வேகவைத்தால் கீழே கெட்டியாகவும் மேலே தண்ணியாகவும் இரண்டு அடுக்காக வரும். அதனால் கரைத்த மாவை அடுப்பில் மிகச் சிறு தீயில் வைத்து, கரண்டியை எடுக்காமல் கிண்டுங்கள். பாத்திரத்தின் அடியில் லேசாகத் திரள ஆரம்பித்ததும் உடனே இறக்கி, வெளியே வைத்தும் கிண்டினால் முழுக்கச் சற்றே கெட்டிப்பட்டுப் பால் ஏடு பதத்துக்கு வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். களி ஆகிற வரைக்கும் விட்டால் மேல்பக்கம் சமமாக வராது.

இட்லிப் பானை தாராளமாகப் போதும், தட்டு வேண்டாம். உள்ளே ஒரு ஸ்டாண்டு போட்டு, அதன்மேல் வைக்கிற மாதிரி சதுரமான எவர்சில்வர் டப்பாவோ கண்ணாடி டப்பாவோ எடுத்து, பேக்கிங் தாளை அடியிலும் ஓரத்திலும் போட்டு ஊற்றுங்கள். இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் வேண்டாம். மூடியைத் துணியால் சுற்றிக் கட்டுங்கள். மூடியில் சேரும் நீர் சொட்டுச் சொட்டாக விழுந்தால் மேல்பக்கம் குழி விழும். நல்ல ஆவியில் 35 நிமிடம். நடுவில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சேர்ப்பதானால் கொதிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள்.

வெந்ததும் வெட்டத் தோன்றும். கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். சூட்டில் அது பசை. முழுக்க ஆறிய பிறகுதான் கடி பதம் வரும். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல மூடி ஆறவிட்டால் தோல் கட்டாது. கத்தியை ஒவ்வொரு தடவையும் ஈரம் செய்து வெட்டுங்கள். நூலை வைத்து அறுத்தால் இன்னும் சுத்தமாக வரும்.

கியோத்தோ_வாசி:

ஓசு அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், நான் தேதியை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். ஜூன் கடைசி வாரம் வருகிறார்கள் என்றால் 30-ஆம் தேதி இங்கே இருப்பார்கள் அல்லவா? அன்றைக்குக் கியோத்தோவில் மினாசுகி சாப்பிடும் நாள். அடியில் வெள்ளை உய்ரோ, மேலே இனிப்பில் வேகவைத்த சிவப்புப் பயறு ஒரு அடுக்கு, முக்கோணமாக வெட்டியது. வருடத்தின் முதல் பாதி முடிகிற நாள் என்பதால், ஆறு மாத அழுக்கைக் கழிக்கும் நாகோஷி என்ற சடங்கு கோயில்களில் நடக்கும். புல்லால் திரித்த பெரிய வளையம் ஒன்றை நிறுத்தியிருப்பார்கள். அதற்குள் நுழைந்து இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம் என்று சுற்றி வருவார்கள். கிதானோ தென்மாங்கு கோயிலில் வைக்கும் வளையம் ரொம்பப் பெரியது.

முக்கோணம் பனிக்கட்டித் துண்டைக் குறிக்கிறது என்பார்கள். குளிர்காலத்தில் மலைப்பக்கம் குழிகளில் சேமித்த பனிக்கட்டியை அந்தக் காலத்தில் கோடையில் அரண்மனைக்குக் கொண்டுவருவார்களாம். சாதாரண ஜனங்களுக்கு அது எங்கே கிடைக்கும்? அதனால் பனிக்கட்டி வடிவில் ஓர் இனிப்பு. மேலே இருக்கும் பயறு கெட்டதை விரட்டும் என்பது நம்பிக்கை. என் வீட்டுக்கு எதிரில் இருக்கும் பாட்டி இதெல்லாம் சொல்ல மாட்டார். 30-ஆம் தேதி காலையில் கதவைத் தட்டி ஒரு தட்டை நீட்டி "சாப்பிட்டுவிடு" என்பார், அவ்வளவுதான்.

நகோயாவிலிருந்து கியோத்தோவுக்கு நொசோமி என்ற ஷிங்கான்சென் வண்டியில் 35 நிமிடம். காலையில் கிளம்பினால் கோயில், மினாசுகி இரண்டையும் முடித்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பலாம். மாமனாருக்குக் கால் வலி இருந்தால் மட்டும் யோசியுங்கள், அன்றைக்குக் கூட்டம் இருக்கும், மழைக்காலம் வேறு.

தொயோத்தா_மருமகள்:

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை. ரொம்ப நன்றி அக்கா, நன்றி கியோத்தோ வாசி. 30-ஆம் தேதி அவர்கள் இங்கேதான் இருப்பார்கள், வீட்டுக்காரரிடம் விடுப்பு எடுக்கச் சொல்லிவிட்டேன்.

இன்னும் சில சந்தேகம். மாமனாருக்குச் சர்க்கரை வியாதி உண்டு, மாத்திரையில் ஓடுகிறது. 100 கிராம் மாவுக்கு 100 கிராம் சர்க்கரை என்றதும் பயமாகிவிட்டது. செயற்கை இனிப்பு போட்டுச் செய்யலாமா? மாமியாருக்கு வெல்லம் என்றால் உயிர், வெல்லம் போட்டால் வருமா? ஆசியக் கடையில் தாய்லாந்து அரிசி மாவு சின்னப் பையில் பார்த்தேன், ரொம்ப நைசாக இருந்தது, அதைப் பயன்படுத்தலாமா? மினாசுகியையும் இதே மாவில் செய்துவிட முடியுமா?

ஓசு_அக்கா:

மாமனார் விஷயத்தில் நான் சமையல்காரி மட்டும்தான். அரிசி மாவும் சர்க்கரையும் சேர்ந்த பண்டம், எந்த இனிப்பைப் போட்டாலும் மாவு மாவுதான். அவருக்குக் கொடுக்கும் துண்டின் அளவை அவர் மருத்துவர் சொன்ன கணக்குக்குள் வையுங்கள். செயற்கை இனிப்பில் இனிப்பு வரும், உய்ரோ வராது. இங்கே சர்க்கரைக்கு வேலை இனிப்பது மட்டுமல்ல, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அதுதான். அது இல்லையென்றால் ஆறும்போதே விறைத்துவிடும். கட்டை விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, சர்க்கரை போடாத ஹொஜிச்சா என்ற வறுத்த தேயிலை டீயோடு கொடுங்கள். இங்கேயும் யாரும் தட்டு நிறைய வைத்துத் தின்பதில்லை.

வெல்லம் நன்றாகவே வரும். இங்கே ஒகினாவாக் கருப்புச் சர்க்கரையில் செய்கிற கருப்பு உய்ரோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். தண்ணீரில் கொதிக்கவிட்டு மண்ணில்லாமல் வடிகட்டி, மொத்தத் தண்ணீர் 250 மில்லியைத் தாண்டாமல் அளந்துகொள்ளுங்கள். பாகு பதத்துக்குக் காய்ச்ச வேண்டாம், கரைந்தால் போதும். ஏலக்காய் போடக் கை துறுதுறுக்கும். போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அப்புறம் அதை ஜப்பான் இனிப்பு என்று சொல்லி நீட்டாதீர்கள், மாமியார் சிரிப்பார்.

தாய்லாந்து மாவு நைஸ்தான், ஈரமாக அரைத்து எடுப்பது. இடியாப்ப மாவைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதுவும் பெரும்பாலும் நீள அரிசி, சூடாக இருக்கும்போது அருமையாக இருந்து, ஆறியதும் ஜோஷின்கோவைவிடச் சீக்கிரம் விறைக்கும். அதோடு அந்தப் பைகளில் ஒட்டும் அரிசி மாவு பச்சை எழுத்திலும் சாதா மாவு சிவப்பு எழுத்திலும் ஒரே மாதிரிப் படத்தோடு வரும், அவசரத்தில் மாறிவிடும். உங்கள் ஊர் சூப்பர்மார்க்கெட்டிலேயே ஜோஷின்கோ கிடைக்கும்போது எதற்கு வீண் சிரமம்? டாங்கோ மாவு என்று எழுதியது வேறு, அது இரண்டு அரிசியும் கலந்தது, அதையும் விட்டுவிடுங்கள்.

மினாசுகி தாராளமாகச் செய்யலாம். ஊற்றும் முன் மாவில் இரண்டு மூன்று கரண்டி எடுத்துத் தனியே வையுங்கள். மீதியை 25 நிமிடம் வேகவைத்து, மேல்பக்கம் ஈரம் இருந்தால் தாளால் ஒற்றி எடுத்து, வேகவைத்த இனிப்புப் பயறைப் பரப்பி, எடுத்து வைத்த மாவை அதன்மேல் ஊற்றி இன்னும் 15 நிமிடம். அந்த ஈரத்தை ஒற்றாவிட்டால் பயறு அடுக்கு தனியே கழன்று வரும். பயறு டின்னில் கிடைக்கும், முழுசாகத் தெரிகிற வகையாக வாங்குங்கள், விழுது வேண்டாம். கியோத்தோ கடைகளில் கோதுமை மாவும் குட்சு கிழங்கு மாவும் கலந்து செய்கிறவர்கள் உண்டு, கடிக்கு அது வேறு மாதிரி இருக்கும். கியோத்தோ வாசி, உங்கள் எதிர்வீட்டுப் பாட்டி எதில் செய்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்களேன்.

ஷிங்கான்சென்_தம்பி:

வெண்ணெயில் வாட்டிப் பார்த்தேன். வாட்டினால் மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. மேசையில் கிடந்த மிச்சம் காலி. இருந்தாலும் சும்மா சாப்பிட எனக்கு யோகான்தான், அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

கியோத்தோ_வாசி:

பாட்டியிடம் கேட்டேன். கோதுமை மாவும் ஷிராத்தாமாகோவும் கலப்பாராம், அளவு கேட்டதற்குக் கையைக் குவித்துக் காட்டினார். ஜோஷின்கோவில் செய்தால் தன் வீட்டுக்காரருக்குப் பல் எடுக்காது என்றார். மருமகளே, 30-ஆம் தேதி கடைகளில் மதியத்துக்குள் தீர்ந்துவிடும், கோயிலுக்குப் போகும் முன்னாலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.